கற்பிட்டிக் களக்கல்விக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கொழும்பில் பட்டப்படிப்புப் படிக்கும் 12 மாணவர்களைக் கற்பிட்டியில் தங்கவைத்து, அங்குள்ள 40 கிணறுகளின் நீரை முறையாக அளக்கப் பழக்குவதற்காக இந்த நிதியைத் திரட்டுகிறோம். மாரிக்கு முன் செப்டெம்பரில் பத்து நாள், மழை ஓய்ந்தபின் ஜனவரியில் பத்து நாள். மொத்தச் செலவு 16 இலட்சம் ரூபாய்.

காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் இவ்வளவு செலவாகாதே என்று பலர் கேட்கிறார்கள். கற்பிட்டி ஒரு மணல் தீபகற்பம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. நடுவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் அதுதான் தண்ணீர். விடியற்காலையிலேயே தோட்டங்களில் மோட்டர் போட்டுவிடுவார்கள். இறைக்க இறைக்கக் கிணற்று மட்டம் இறங்கும்; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். கொழும்பிலிருந்து வான் வண்டியில் போய்ச்சேர நாலு மணி நேரம் வேண்டும். பத்து மணிக்கு எடுக்கும் அளவீடு மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் சொல்லும், கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எனவே மாணவர்கள் அங்கேயே படுத்தெழும்பி, ஐந்து மணிக்குக் கிணற்றடியில் நிற்க வேண்டும்.

அங்கே செய்யும் வேலை பார்வைக்கு எளிது, பிழை விட வழிகள் நிறைய. முதலில் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் எடுக்க வேண்டும். கட்டின் எந்தப் புள்ளியிலிருந்து அளந்தோம் என்று பூச்சால் அடையாளம் வைக்காவிட்டால் ஜனவரி அளவை செப்டெம்பர் அளவோடு ஒப்பிட முடியாது. நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மானியை ஒவ்வொரு காலையும் 25 பாகை செல்சியசில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்டும் நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தடவை அலசியபின்தான் மாதிரி பிடிக்கலாம். பிடித்ததும் ஐஸ் பெட்டிக்குள் 4 பாகையில் வைக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் நுண்ணுயிர்கள், பசளையிலிருந்து நீரில் கலக்கும் நைத்திரேற்றின் அளவை மாற்றிவிடும். 48 மணி நேரத்துக்குள் பரிசோதனை முடிய வேண்டும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒருவர் பெட்டியோடு கொழும்பு வர வேண்டியிருக்கிறது. ஐஸ் உருகி லேபல் நனைந்து எழுத்து அழிந்தால் அந்த மாதிரி வீண். அதனால் பென்சிலால் எழுதி, போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டிவைப்பது என்ற சின்ன விஷயத்தையும் முதல் நாளே பழக்குகிறோம்.

நைத்திரேற்றைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. மணல் பசளையைப் பிடித்து வைக்காது. பயிர் எடுக்காத யூரியா நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழே போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இங்கே மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று: சில கருவிகள் நைத்திரேற்றாகவும் சில அதிலுள்ள நைதரசனாகவும் அளவு காட்டும். 15 என்ற இலக்கம் நைத்திரேற்று என்றால் பயமில்லை. நைதரசன் என்றால் அதை 4.43 ஆல் பெருக்க வேண்டும், 66 வரும், எல்லை தாண்டிவிட்டது. பரீட்சைத்தாளில் இந்தப் பிழைக்கு இரண்டு புள்ளி போகும். கற்பிட்டியில் ஒரு தாய்க்குப் பிழையான பதில் போகும்.

கிணற்றுச் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் முடிவைத் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பக்க அட்டையில் கொடுப்போம். அளவு கூடிய வீடுகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்தே போவோம். அறிக்கையில் பெயர் வராது, கிணற்று இலக்கம் மட்டும் வரும். தங்கள் தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற விவசாயிகளின் கவலையை நாங்கள் மதிக்கிறோம்.

இனிக் காசு. மாணவர்களும் இரண்டு மேற்பார்வையாளர்களுமாக 14 பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 1,800 ரூபாய் வீதம், 20 நாள் சாப்பாடு 504,000. தங்குமிடம் 160,000. கொழும்பிலிருந்து வான் இரண்டு தடவை போய்வர 140,000, ஊருக்குள் ஆட்டோவும் ஐஸ் பெட்டியோடு வருகிறவரின் பஸ் செலவும் 80,000. மானிகள் மூன்று 105,000, நீர்மட்ட அளவு நாடா 85,000, நைத்திரேற்றுப் பரிசோதனை 120,000. காப்புறுதிக்கும் எதிர்பாராத செலவுக்கும் 46,000.

மிச்சம் 360,000 ரூபாய், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் கையில் கொடுப்பதற்கு. இதைப் பற்றித்தான் அதிகம் கேள்வி வருகிறது, நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாததும் இதுதான். 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். விரிவுரைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பின்னேரங்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் கொடுத்து அறை வாடகை கட்டும் பிள்ளை பத்து நாள் வெளியூர் போனால் அந்த வருமானம் நின்றுவிடும். சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்று சொன்னாலும் அந்தப் பிள்ளை பெயர் கொடுக்காது. வசதியுள்ளவர்கள் மட்டும் போய்வரும் களக்கல்வியை நடத்த எங்களுக்கு விருப்பமில்லை.

ஒரு மாணவரின் ஒரு நாளை ஏற்க 3,300 ரூபாய், முழு 20 நாளையும் ஏற்க 66,000. குடும்பமாகவோ அலுவலக நண்பர்களாகவோ சேர்ந்து ஒருவரைப் பொறுப்பேற்கலாம். காசு தர இயலாதவர்களிடமும் ஒரு கேள்வி: வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் உங்கள் வீட்டில் பாவனையில் கிணறு இருக்கிறதா? புறப்படுமுன் இரண்டு சனிக்கிழமை மாணவர்கள் அதில் அளந்து பழகினால், கற்பிட்டியில் முதல் இரண்டு நாள் வீணாகாது.

காசோலையாகவோ வங்கி வைப்பாகவோ ஆகஸ்ட் 31க்குள் தாருங்கள். கணக்கு விவரம் பொருளாளரிடம் உண்டு. ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வரும். கணக்கறிக்கையைப் பெப்ரவரியில் எல்லா நன்கொடையாளருக்கும் அனுப்புவோம். மானிகளும் நாடாவும் மாணவர்கள் படிக்கும் துறையின் ஆய்வுகூடத்தில் அடுத்த அணிக்காக இருக்கும். தொகை குறைந்தால் கிணறுகளை 25 ஆகக் குறைப்போம், மாணவர் எண்ணிக்கையில் கை வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கற்பிட்டிக் களக்கல்வி நிதிக் குழுவினர்,
கொழும்பு