ஆட்டோ மீட்டருக்குக் கட்டுப்படியாகும் விலை வையுங்கள்

போக்குவரத்துத் துறை அமைச்சருக்கும் ஆணையருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக ஓர் ஆட்டோ வருகிறது. ராயப்பேட்டையில் கிளம்பி, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு என்னைத் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவார் அந்த அண்ணன். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். டோக்கன் வாங்கி, உட்காரவைத்து, "அம்மா உள்ள போயிட்டாங்கம்மா" என்று எனக்கு போன் செய்த பிறகுதான் டீ குடிக்கப் போவார். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் பாதையை மாற்றியதிலிருந்து, எந்தத் தெரு எப்போது அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும், யாரும் கேட்காமலே பால் பாக்கெட்டோடு வாசலில் வந்து நின்றார். மாதம் பிறந்தால் பேசிய தொகையைக் கொடுத்துவிடுவோம். கேஸ் விலை ஏறினால் அவரே சொல்வார், கூட்டிக் கொடுப்போம். மற்றபடி காசுப் பேச்சே வராது.

இதே மனிதரை எழும்பூர் ரயில் நிலைய வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டால் பேரம்தான். அவர் ஒன்று சொல்ல, இவர் அநியாயம் என்பார். "ரிட்டன் சவாரி கிடைக்காது சார்" என்று பதில் வரும். வண்டி நகர்வதற்குள்ளேயே இருவருக்கும் மனம் கசந்துவிடும். சென்னை ஆட்டோக்காரர்கள் என்றாலே ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பிள்ளைகளை நம்பி ஏற்றி அனுப்புவது அவர்களிடம்தானே?

விலை முதலிலேயே முடிவாகிவிட்ட இடத்தில் நம்பிக்கை தானாக வளர்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்கிடையே அதை முடிவு செய்துவைக்க வேண்டியது மீட்டர். அந்த மீட்டர் ஏன் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் 50 ரூபாய், 18 ரூபாய் என்று தாங்களாகவே அறிவித்தபோதும் அரசு ஏட்டில் இருந்தது அந்தப் பழைய கட்டணம்தான். இடையில் எரிபொருள், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) செலவு எல்லாம் ஏறிவிட்டன. வாடகைக்கு வண்டி எடுப்பவர் அன்றன்றைய வாடகையையும் கட்டியாக வேண்டும். இதில் மீட்டர் போட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? நேர்மையாக ஓட்ட நினைப்பவரையும் பேரம் பேச வைத்தது இந்தக் கட்டணம்.

ஆப் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத என் அம்மாவுக்கும், பூக்கூடையோடு நிற்கும் அக்காவுக்கும் தெருமுனை ஸ்டாண்டுதான் கதி.

கட்டணத்தைத் திருத்துங்கள். அதோடு நிற்காமல், எரிபொருள் விலையையும் பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டு ஆண்டுதோறும் தானாகவே மாறும்படி ஒரு விதி எழுதுங்கள். புதுக் கட்டணம் மீட்டரில் ஏறும்வரை ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை வையுங்கள். அதற்குப் பிறகும் மீட்டர் போடாதவர்மேல் நடவடிக்கை எடுங்கள், நாங்கள் துணை நிற்போம்.

பேச்சுவார்த்தைக்குச் சங்கங்களோடு பயணிகளையும் கூப்பிடுங்கள். நாள் குறித்துச் சொன்னால் எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து பேர் வருவோம்.

இப்படிக்கு,
ராயப்பேட்டையிலிருந்து ஒரு பயணி