பரமண்டல ஜெபத்தின் ஆகாரம்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டிலும், வேண்டிய ஆகாரத்தைத் தரும்படி கேட்கும் வரியில், ஆகாரத்துக்கு அடையாக நிற்கும் 'எபியூசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அன்றாட' என்பதே பொருள் என்றும், எகிப்தியப் பாப்பிரஸ் (நாணல்தாள்) ஏடு ஒன்று அதை உறுதிசெய்துவிட்டது என்றும் கட்டுரையாளர் முடிக்கிறார். இந்த முடிவை ஏற்க இயலவில்லை.

எகிப்தின் ஹவாராவில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த செலவுக் கணக்கு அந்த ஏடு. அதைப் படியெடுத்த அறிஞர் சேஸ் இந்தச் சொல்லின் முற்பகுதியைக் கண்டதாக எழுதினார்; அகராதிகளும் நம்பின. மூலமோ பல காலம் காணாமற்போயிருந்தது. 1990களின் இறுதியில் அது யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்தவர்கள் கண்டது 'எலாயூ', அதாவது எண்ணெய்! ஆகவே, 'இது கிரேக்கரிடம் வழங்காத சொல், நற்செய்தியாளர்களே ஆக்கியது போலும்' என்று 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதியதை மறுக்க நம்மிடம் சான்று இல்லை.

இலக்கணமும் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. 'எபி' என்னும் முன்னொட்டையும் 'ஊசியா' (இருப்பு, பொருண்மை) என்னும் பெயரையும் சேர்த்தால் 'வாழ்வுக்குத் தேவையான' என்று வரும். ஆனால் உயிர்முன் உயிர் வரும்போது 'எபி'யின் இகரம் பெரும்பாலும் கெடும், இங்கே கெடவில்லை. அப்போஸ்தலர் 16:11இல் மறுநாளைக் குறிக்கும் 'எபியூசா'விலிருந்து பிரித்தால் இந்த இடர் இல்லை. பொருள் 'வரும் நாளுக்குரிய' என்றாகும். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. வேதாகமத்தில் சேராத எபிரெயர் நற்செய்தி என்ற பழைய நூலில் 'நாளை' என்று பொருள்படும் 'மாஹார்' இருந்ததாக, வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோமும் குறிக்கிறார். அவரே இலத்தீனில் லூக்காவுக்கு 'அன்றாட' என்றும், மத்தேயுவுக்கு 'பொருண்மைக்கு அப்பாற்பட்ட' என்றும் ஒரே சொல்லை இருவிதமாகப் பெயர்த்தார்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தின் 'வேண்டிய ஆகாரம்' தவறான பெயர்ப்பு என்று கட்டுரையாளர் ஒதுக்கியது வருத்தமளிக்கிறது. சிரியாக் மொழியின் பழைய வேதாகமமான பெஷித்தாவிலும் 'எங்கள் தேவைக்கான அப்பம்' என்றே இருக்கிறது. லூக்காவில் 'அன்றன்றும்' என்ற பொருளைத் தருவது அடுத்து வரும் 'கத் ஹேமெரான்' என்ற தொடர். 'தாரும்' என்ற ஏவலும் அங்கே தொடர்ந்து தருவதைக் குறிக்கும் வடிவில் இருக்கிறது. மத்தேயுவில் அது 'இன்று தாரும்' என ஒருமுறைச் செயலாக நிற்கிறது. தொடரின் அடுத்த பகுதியில் இவ்வேறுபாட்டைக் கட்டுரையாளர் விளக்கினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்