ராத்திரி முழுக்க ஓடும் கம்ப்யூட்டர்கள்: ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சர்வீஸ் வேலைக்காக லேப் லேப்பாகப் போய்வருகிறவன் நான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஹார்ட் டிஸ்க் அடிவாங்கும், ராத்திரியும் ஓடட்டும்" என்று பல இடங்களில் சொல்கிறீர்கள். புதுசு வாங்கும் செலவுக்குப் பயந்துதான் சொல்கிறீர்கள், சரி. ஆனால் கணக்கு உதைக்கிறதே.

பழைய டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளுக்கே 50,000 முறை நின்று கிளம்பும் என்று கம்பெனிகள் போட்டிருந்தன. தினம் இரண்டு தடவை நிறுத்தினாலும் அறுபது வருடத்துக்கு மேல் வரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்ட மெஷினில் சுற்றுவதற்கே ஒன்றும் இல்லை.

நம் ஊரில் மெஷினைத் தின்பது சூடும் தூசியும்தான். சாயங்காலம் ஏசியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். உள்ளே நாற்பது மெஷின் ஓடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் அந்த அறை என்ன கதியாகும்? கரண்டைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தால் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து நிற்கும் கெப்பாசிட்டரைத்தான் பார்க்கிறேன். ஃபேன் இறக்கையில் கம்பளி மாதிரி தூசி, விடிய விடிய இழுத்தது. நடுராத்திரியில் கரண்ட் போனால் யு.பி.எஸ். பேட்டரியும் ஆளில்லாத அறைக்காகக் காலியாகிறது.

சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது மெஷின், மாலை 5 முதல் காலை 9 வரை: ஒரு ராத்திரிக்கு 32 யூனிட். ஸ்கிரீன் சேவர் மிச்சம் பிடிக்காது, படம் காட்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்லவில்லை. பழைய குண்டு மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப்பைச் செய்யவே குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருள் செலவாகிறது என்று ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2004இல் கணக்குச் சொன்னது. இருப்பதைத் தூசி தட்டி, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு ஓட்டுங்கள்.

பீரியடுக்குப் பீரியடு அணைக்க வேண்டாம், ஸ்லீப் போதும். கடைசி பேட்ச் கிளம்பியதும் முறையாக ஷட் டவுன், அப்புறம் மெயின் சுவிட்ச். சர்வரை மட்டும் தனி லைனில் விட்டுவிடுங்கள். மெயினை அணைத்த மறுநாள் ஏதாவது மெஷினில் தேதி பின்னால் போயிருந்தால் பதற வேண்டாம். மெஷினின் கடிகாரத்தை ஓட்ட போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கும்; சொல்லிவிடுங்கள், அடுத்து வரும்போது மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
மதுரைக் கணினி சர்வீஸ்காரன்