பாழடைந்த 22 வீடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நகர்ப்புறக் கலை என்றால் ராப் பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறோம். சரி, அதுவும் வேண்டும். ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் குடியிருப்புப் பகுதியான மூன்றாம் வார்டின் 'புராஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்ற சமூகக் கலைத் திட்டம் பற்றியும் எழுதுங்கள். 1993-இல் ரிக் லோ உள்ளிட்ட ஏழு கறுப்பினக் கலைஞர்கள், பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளைச் செப்பனிட்டுத் தொடங்கியது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். அறைக்குப் பின் அறையாகக் கட்டிய மரவீடுகள். இன்று ஐந்து பிளாக்குகளில் 39 கட்டடங்களாக வளர்ந்திருக்கிறது! சில வீடுகளில் கலைப் படைப்புகள். சிலவற்றில் படிப்பைத் தொடரும் இளம் தாய்மார்கள், பிள்ளைகளோடு. இந்தச் சேர்க்கைதான் என் மனத்தைத் தொட்டது. சுற்றிலும் வாடகை ஏறும் இந்நேரத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்