ஸ்பெஷல் தவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தவிலையும் உட்கார வையுங்கள்

மதிப்பிற்குரிய திருவிழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும், குழுவின் பெரியவர்களுக்கும், ஐந்தாம் திருநாள் உபயதாரர்களுக்கும் நம் கோயில் நாதஸ்வரக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சென்ற பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள், ரிஷப வாகனத்தன்று இரவு, தனிச் சன்மானம் கொடுத்து வெளியூர் வித்வானை ஸ்பெஷல் தவிலாக அழைத்து, எங்கள் செட்டின் தவில்காரரைக் கீழ வீதி மேடையில் ஏற்றாமல் இறக்கிவிட்டதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர்கள் நீங்கள்தாம். கொடி இறங்கியதும் நேரில் வந்து என் வருத்தத்தைச் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கையில் பிரசாதத்தைக் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது. அழைப்பிதழின் மாதிரி அச்சுப்படி ஒன்று என் பார்வைக்கும் வந்தது. ஐந்தாம் நாளோடு ஏழாம் நாள் திருக்கல்யாணத்துக்கும் வெளியூர் வித்வானின் ஸ்பெஷல் தவில் என்று அதில் கண்டிருக்கிறது. என் பெயர் இருக்கிறது. எங்கள் செட்டின் தவில்காரர் பெயர் இரண்டு நாளிலும் இல்லை. ஒரு நாள் இறக்கிவிட்டதற்கு வருத்தம் தெரிவிப்பீர்கள் என்று எதிர்பார்த்திருந்தவனுக்கு, அது இரண்டு நாளாகியிருப்பதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஊரார் படிக்கும்படி இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எவ்வளவு பெரிய வித்வானை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள், எங்கள் தவில்காரரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வந்திருந்த வித்வான்மேல் எனக்கு எள்ளளவும் குறை கிடையாது. இந்த விவகாரத்தில் அவர் பெயரை இழுக்க விருப்பமில்லாததால் அதை இங்கே எழுதவில்லை. அன்று நான் எடுத்த பல்லவிக்கு அவர் வாசித்த வாசிப்பையும், தவில் மட்டும் ஒலிக்கும் தனியில் முத்தாய்ப்பாக வைத்த தீர்மானத்தையும் கேட்டு ஊர் ஆர்ப்பரித்தது. நானும் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு வாய்விட்டுப் 'பலே' என்றேன். மேடை ஏறியதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க தவில் எங்கே அண்ணே?" என்பதுதான். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் குழுவில் ஒருவர் முந்திக்கொண்டு, "அவருக்கு இன்னிக்கு ரெஸ்ட் கொடுத்திருக்கோம்" என்றார்.

அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பதைத்தான் நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வசந்த மண்டபத்திலிருந்து சுவாமி புறப்பட்டபோது தவிலில் தொடக்கமாக வரும் அலாரிப்பு வாசித்து, புறப்பாட்டுக்கென்றே நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்குத் தவில் வாசித்துக் கோபுர வாசல்வரை கூட வந்தவர் எங்கள் தவில்காரர். கீழ வீதி மேடை வந்ததும் தோளிலிருந்து வாரைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் தவிலை உறையில் போட்டுச் சாய்த்து வைத்துவிட்டு, விரல் கூடுகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இரைச்சலில் மேடை வாசிப்புகூட அவர் காதில் சரியாக விழுந்திருக்காது. கச்சேரி முடிந்தது, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, வேறோர் ஊரில் விடியற்காலை முகூர்த்தம் இருப்பதால் முன்பே பேசியிருந்தபடி வித்வான் காரில் புறப்பட்டார். கூட்டமும் புறப்பட்டது. சுவாமிக்கு மட்டும் தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி மூன்றும் பாக்கி இருந்தன. அப்போதுதான் "தவில் எங்கே, தவில் எங்கே" என்று ஆளாளுக்குத் தேடினீர்கள்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வந்து கூடுகளை மறுபடி விரலில் ஏற்றிக்கொண்டு, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பசையும் துணியும் இறுகிக் கல்லாகிப்போன அந்தக் கூடுகளை ஆறிய விரலில் திடீரென்று ஏற்றி, எடுத்த எடுப்பில் விரைவு காலத்துக்குப் போனால் விரல் என்ன பாடுபடும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வீதிவலம் முடிந்து தவிலை இறக்கியபோது அவருடைய மோதிர விரல் கூட்டுக்கு அடியில் தோல் கிழிந்திருந்தது. விரலால் வாசிக்கும் வலப்பக்கத் தோலான வளந்தலையிலும் இரண்டு மூன்று இடத்தில் ரத்தக் கறை. கேட்டதற்கு, "காலையில பள்ளியெழுச்சிக்குள்ள சரியாயிடும்" என்றார்.

திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது ஐந்தாம் நாளுக்கு அவருக்கு அரைச் சம்பளம்தான் எழுதியிருந்தார்கள். மேடையில் வாசிக்கவில்லை என்பது காரணம். ஊர் தூங்கப் போன பிறகு வாசித்த மூன்று வீதிகளை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். கணக்கு நோட்டு மூடப்பட்டது.

சம்பளம்கூடப் போகட்டும். தவில்காரர் என்றால் நாதஸ்வரத்துக்குத் தாளம் காட்டுகிறவர், ஒரு நாளைக்கு ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு உங்களிடம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தின் சுரங்களை மூன்று காலத்திலும், மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்திலும் வாசித்துக்கொண்டு போகும்போது, சுவாமியைத் தூக்கி வருகிற ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு அடியெடுத்துக் கொடுப்பது தவில்தான். தெற்கு வீதியில் எந்த இடத்தில் அவர்கள் தோள் மாற்றுவார்கள், எந்த மண்டகப்படியில் வாகனம் எவ்வளவு நேரம் நிற்கும், மேல வீதி முனையில் சாக்கடைப் பலகை ஆடுகிற இடத்தில் எப்போது காலத்தை இறக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தவில்காரரின் கழியும் விரலும் அறிந்த விஷயம். நான் ஒரு சங்கதியை இழுக்கலாமா, முடித்துக்கொள்ளலாமா என்று தயங்குகிற நேரத்தில் என் முகத்தைப் பார்த்தே அவர் தீர்மானத்துக்குத் தயாராகிவிடுவார். கூடவே வருஷக்கணக்கில் நடந்ததால் வந்த பழக்கம் இது. எப்பேர்ப்பட்ட வித்வானானாலும் காரிலிருந்து இறங்கியதும் இது வந்துவிடாது, அவரும் வந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஸ்பெஷல் தவில் என்ற ஏற்பாட்டையே நான் எதிர்ப்பதாக உங்களில் ஒருவர் பேசி வருவதாகக் கேள்வி. அப்படி எதிர்த்தால் நான் என் தொழிலின் வரலாற்றையே எதிர்த்தவனாவேன். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) போன்ற ஒரு தவில் மேதைக்குத் தனி மதிப்பும் தனிச் சன்மானமும் கொடுத்து அழைத்ததால்தானே தவில் கேட்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிற ரசிகர் கூட்டம் தஞ்சை ஜில்லாவில் உருவாயிற்று? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தோடு அவர் வாசித்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இலங்கையின் இணுவிலிலிருந்து வந்த தவில் வித்வான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) இங்கே கொடிகட்டிப் பறந்தார். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையும் அவரும் ஒரே மேடையில் இருந்து வாசித்ததைக் கேட்ட கிழவர்கள் அதைச் சொல்லும்போது இப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள். தவிலுக்குப் பக்கத்தில் தவில் இருந்ததால் பெரியவர்களின் புகழ் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, வளர்த்து, இருவரும் ஒன்றாகக் கோர்வை வைத்து இறங்குகிற அந்த இரட்டைத் தவில் தனியைத்தான் மக்கள் விடிய விடியக் கேட்டார்கள். நீங்கள் பெரிய தொகை கொடுத்து ஒரு மேதையை அழைத்து வந்து, அதில் பாதியைக் கேட்காமலே அனுப்பிவிட்டீர்கள்.

பெரிய வித்வானுக்குச் சரியாகப் பதில் சொல்ல எங்கள் தவில்காரரால் முடியாது என்று யாரேனும் நினைத்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அவரால் முடிந்ததை அவர் வாசிப்பார். மேதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தால் அந்தக் கை முன்பு இருந்த கையாக இருக்காது. தவில் வித்வான்களில் பலர் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதானே வளர்ந்தார்கள்? மாவட்ட அரசு இசைப் பள்ளியில் 3 ஆண்டுத் தவில் படிப்பில் சேர்ந்திருக்கிற அவருடைய மகன், அன்று தன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு கச்சேரி கேட்க வந்திருந்தான். அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அவன் என்ன சொன்னானோ, நான் விசாரிக்கவில்லை.

நம் கோயிலில் எதற்கு இடம் இருக்கிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அர்த்த மண்டபத்துக்கு வெளியே சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானே அடித்துக்கொள்கிற மின்சார மேளத்துக்கு நிரந்தர இடம் இருக்கிறது. அதற்குப் படி கிடையாது, சாப்பாடு கிடையாது, பெயர் போட வேண்டியதில்லை, இன்றைக்கு உனக்கு ஓய்வு என்று யாரும் அதனிடம் சொன்னதுமில்லை. தேரன்று செல்போனில் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று செண்டை மேளத்துக்கு வீதியில் பாதியை ஒதுக்குகிறீர்கள். அவர்களும் கலைஞர்கள், நன்றாக வாசிக்கிறார்கள், அவர்கள் பிழைப்பை நான் கெடுக்க வரவில்லை. மேடையில் உபயதாரர் குடும்பத்தின் முகங்கள் தெரிய வேண்டும் என்று எல்.இ.டி. திரைக்கு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்திருந்தீர்கள். இவ்வளவுக்கும் இடம் போக ஒரு தவிலும் ஒரு ஜமுக்காளமும் வைக்கத்தான் இடம் போதவில்லை போலும்.

வார்த்தை தடித்துவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்க வந்ததற்கே வருகிறேன்.

ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் எங்கள் தவில்காரர் ஸ்பெஷல் தவிலுக்குப் பக்கத்தில் மேடையில் இருக்க வேண்டும். அழைப்பிதழில் வித்வான் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஆனாலும் சரி, அவர் பெயர் இருக்க வேண்டும். திருவிழாவுக்கென்று பேசிய சம்பளம் எல்லா நாளுக்கும் முழுதாக, சென்ற வருஷம் பிடித்த பாதியும் சேர்த்து, அவர் கைக்குப் போக வேண்டும். இதனால் உங்களுக்குப் புதிதாகப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அவர் எப்படியும் கோயிலில்தான் இருக்கப்போகிறார், மீதி வீதிகளுக்கு எப்படியும் அவரைத்தான் கூப்பிடப்போகிறீர்கள்.

இதை மிரட்டலாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்க மாட்டேன் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு பேச்சு எங்கள் குடும்பத்தில் வந்ததில்லை. பள்ளியெழுச்சியிலிருந்து பள்ளியறைவரை எங்கள் கடமை எங்களுடையது. மேடைக் கச்சேரி வேறு. அது உங்கள் விருப்பத்துக்காகவும் உபயதாரர் மனநிறைவுக்காகவும் நடப்பது. அந்த மேடையில் அவருக்கு இடமில்லையென்றால் நானும் அவரோடு கீழேயே நின்றுகொள்கிறேன். வித்வானுக்கு வேறொரு நாதஸ்வரம் ஏற்பாடு செய்வது உங்களுக்குச் சிரமமாக இருக்காது.

அந்த நிலை வராதபடி தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றே நம்புகிறேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல் சொல்லி அனுப்பினால், எந்த நாளானாலும் சாயரட்சை முடிந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு வந்து தங்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து இந்த முறை அவரிடமே பேசுங்கள்.

பணிவன்புடன்,
தங்கள் கோயில் நாதஸ்வரக்காரன்