புதுமொழி படைப்போருக்கு: பெயர்வகைகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

பெயர்ச்சொற்களுக்கு மனிதர், விலங்கு, மரம், கருவி, நீர் என்று பதினைந்து வகைகளை முதலில் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு மொழியைக் கட்டத் தொடங்குகிறீர்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டுகிறோம். 'மரம்' என்ற சொல்லில் அஃறிணை என்று எங்கும் எழுதியில்லை. 'விழுந்தது' என்னும்போதுதான் தெரிகிறது. வகை வாழுமிடம் வினையும் அடைமொழியும் எண்ணுப்பெயருமே.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியில் பெயரின் வகையை முன்னொட்டு காட்டும். 'கிதாபு கிமோஜா' ஒரு புத்தகம். 'விதாபு விவிலி' இரண்டு. அரபியிலிருந்து வந்த இச்சொல்லில் 'கி' முன்னொட்டு அல்ல, சொல்லின் பகுதியே. சுவாகிலியோ அதை முன்னொட்டாகவே கொண்டு, பன்மையில் 'வி' ஆக்கிவிட்டது. கடன்சொல்லை ஒலி பார்த்துச் சேர்ப்பீர்களா, பொருள் பார்த்தா? இந்த விதியை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது சொல்லாக்கத்தில். 'கொல்' என்ற வேரில் மனித முன்னொட்டைச் சேர்த்தால் கொன்றவரா, கொல்லப்பட்டவரா? முன்னொட்டு அதைச் சொல்லாது. சுவாகிலியில் 'பிகா' என்றால் சமை, 'ம்பிஷி' சமையற்காரர். 'ம்' மனிதர் என்கிறது. செய்பவர் என்பதை ஈற்று 'இ' காட்டுகிறது. செய்பவர், செய்யப்பட்டது, கருவி, இடம் நான்குக்கும் தனித்தனி விகுதி வையுங்கள். வகை முன்னொட்டு அதற்குப் பிறகுதான்.

புணர்ச்சியையும் மறக்க வேண்டாம். சுவாகிலியில் 'கி'யும் 'உம்பா'வும் சேர்ந்து 'சும்பா' (அறை) ஆகிறது, பன்மை 'வ்யும்பா'. உயிரும் உயிரும் சந்திக்குமிடத்தில் விதி இல்லையென்றால் இரண்டு வகைகள் ஒரே ஒலியில் வந்து முட்டும்.

வகைப்பாட்டையே எழுத்தெழுத்தாகச் சொல்லுக்குள் வைக்கும் ஆசை பழையது. 1668இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் வில்கின்ஸ் தானே உருவாக்கி வெளியிட்ட மொழி அப்படித்தான். அதில் நெருங்கிய பொருள்கள் நெருங்கிய ஒலி பெறுகின்றன. ஓர் எழுத்து தவறினால் ஒரு செடி பக்கத்துச் செடியாகிவிடும். இரண்டும் செடி என்பதால் சூழலும் காப்பாற்றாது.

இப்போது பட்டியலை எடுங்கள். இருபது பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அடைமொழி, எண், வினை, சுட்டு நான்கோடும் ஒருமை பன்மையில் எழுதுங்கள். பிறகு வெவ்வேறு வகைப் பெயர்கள் இரண்டை 'உம்'மால் இணைத்து ஒரே வினை கொடுங்கள். 'திங்களும் சான்றோரும் ஒப்பர்' என்பதில் சிறப்புக் கருதி உயர்திணை முடிபு வந்தது. இப்படிக் கலந்து வருவதற்கு நன்னூலில் தனி விதியே உண்டு. உங்கள் மொழியில் எந்த வகை வெல்லும்? அதையும் எழுதுங்கள். இத்தனை வாக்கியங்களில் ஒன்றில்கூடப் பிரிந்து தெரியாத இரு வகைகள் இருந்தால் அவற்றை ஒன்றாக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக படைப்பாளிகள்