ஆஸ்லோவின் ஜூன், சென்னையின் மார்கழி

ஆஸ்லோ,
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. ஜனவரியில்தான் பூமி சூரியனுக்குக் கிட்டே வருகிறது என்றால் நார்வேயில் அப்போது எப்படிப் பனி கொட்டுகிறது என்று உன் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைக்கு என் கணக்கில் ஒரு மிட்டாய் கொடு. பெரியவர்கள் பலர் ‘கிட்டே வந்தால் சூடு’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. இடைவெளி 50 லட்சம் கி.மீ. என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் மொத்தத்தில் அது 3 சதவீதம் சொச்சம்தான். அதனால் ஜனவரியில் பூமிக்கு வெயில் 7 சதவீதம் போலக் கூடுகிறது. அந்த 7 சதவீதம் நார்வேக்கும் உண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் உண்டு. ஆனால் இங்கே மைனஸில் இருக்கும்போது மெல்போர்னில் கடற்கரையில் குளிக்கிறார்கள். தூரம்தான் காரணம் என்றால் இரண்டு ஊருக்கும் சேர்ந்தல்லவா கோடை வர வேண்டும்?

போர்டில் பூமியின் பாதையை முட்டை மாதிரி வரையாதே, பாதிக் குழப்பம் அந்தப் படத்தில்தான் தொடங்குகிறது. காம்பஸில் 10 செ.மீ. ஆரத்துக்கு ஒரு வட்டம் போடு. உண்மையான பாதை அந்த வட்டத்திலிருந்து விலகுவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது மறைந்துபோகும். சூரியனை மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 1.7 மி.மீ. தள்ளி வை.

காரணம் சாய்வு. பூமியின் அச்சு அதன் பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், வருஷம் முழுக்க அது ஒரே திசையில், துருவ நட்சத்திரத்தின் பக்கமே, சாய்ந்திருக்கிறது. ஜூனில் ஒரு பக்கமும் டிசம்பரில் மறுபக்கமும் அது தலையாட்டுவதில்லை. பூமி சூரியனின் எதிர்ப்புறத்துக்குப் போய்விடுவதால், முன்பு சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருந்த வடபாதி இப்போது விலகிச் சாய்ந்ததாகிவிடுகிறது.

பள்ளியில் இருக்கும் பூமி உருண்டையை வைத்துக் காட்டும்போது பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மேஜை நடுவில், உருண்டையின் நடுப்பகுதி உயரத்துக்கு ஒரு பல்பை வை. உருண்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வரும்போது கை தானாகவே ஸ்டாண்டையும் சேர்த்துத் திருப்பிவிடும். அப்படித் திரும்பினால் வடதுருவம் எப்போதும் பல்பைப் பார்த்தபடியே இருக்கும், வருஷம் முழுக்க ஜூன்தான். சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, பல்பைச் சுற்றி நான்கு இடங்களிலும் அச்சின் மேல்முனை அந்தச் சுவரையே காட்டும்படி பிடிக்கச் சொல். ஒவ்வொரு இடத்திலும் உருண்டையை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஆஸ்லோ எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருக்கிறது, சென்னை எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

இனி உனக்குப் பிடிக்கப்போகும் கணக்கு. சென்னை 13.1 பாகை வடக்கு, ஆஸ்லோ 59.9. இடைவெளி 46.8. சாய்வை (துல்லியமாக 23.44) இரட்டித்தால் 46.9. தற்செயல்தான், ஆனால் அருமையான தற்செயல். ஆஸ்லோவில் வருஷத்திலேயே சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நண்பகல் ஜூன் 21. சென்னையில் மிகத் தாழ்ந்து நிற்கும் நண்பகல் டிசம்பர் 21. இரண்டிலும் உயரம் 53.5 பாகைதான். ஒரு மீட்டர் குச்சியை நட்டால் இரண்டு ஊரிலும் நிழல் 74 செ.மீ. அதாவது ஆஸ்லோவின் உச்சக் கோடைச் சூரியன், உயரத்தில் உங்கள் மார்கழிச் சூரியனைத் தாண்டுவதில்லை.

டிசம்பர் 21 அன்று இங்கே அதன் உயரம் வெறும் 6.7 பாகை. நட்டநடு மதியத்தில்கூட எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டாது. தெற்குப் பக்கம் மேடோ கட்டடமோ இருந்தால் அந்த வீட்டுக்கு வாரக்கணக்கில் வெயில் இல்லை. அதே ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் எட்டரை மீட்டர். அதையும் அளக்க முடியாது, ஏனென்றால் சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. இவ்வளவு சாய்ந்த ஒளியில் நிழலின் நுனி 70 செ.மீ. நீளத்துக்குக் கலங்கிப் போய்விடுகிறது.

சாய்ந்து விழும் வெயில் ஏன் சுடவில்லை என்பதற்கும் இதே எண் போதும். ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள ஒளிக்கற்றை இங்கே அன்று எட்டரைச் சதுர மீட்டர் தரையில் பரவுகிறது. ஜூனில் அதே கற்றைக்கு ஒன்றேகால் சதுர மீட்டர்தான். போதாததற்கு, தாழ்ந்த சூரியனின் ஒளி தலைக்கு மேலிருந்து வருவதைப் போல எட்டு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அதில் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். அதனால்தான் இங்கே குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு ஸ்பூனில் மீன் எண்ணெய் கொடுக்கிறார்கள்.

பகல் நீளமும் மாறுகிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் காலை 9.18க்கு எழுந்து மாலை 3.12க்கு மறையும், 6 மணி நேரம்கூட இல்லை. ஜூன் 21க்கு 18 மணி 50 நிமிடம். சென்னையில் குறைந்த பகலுக்கும் நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மார்ச் கடைசியில் இங்கே பகல் ஒவ்வொரு நாளும் ஐந்தரை நிமிடம் நீள்கிறது, அங்கே முக்கால் நிமிடம். உங்களுக்கு அது கண்ணில் படாது, இங்கே ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

உயரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்றுமண்டலத்தின் மேல்விளிம்பில் ஒரு நாளில் விழும் வெயில் ஆஸ்லோவில் டிசம்பரைவிட ஜூனில் சுமார் 19 மடங்கு. சென்னையில் 1.3 மடங்குதான். வியப்பு என்னவென்றால், ஜூன் 21 அன்று மேலே விழும் மொத்த வெயில் சென்னையைவிட ஆஸ்லோவுக்குத்தான் கொஞ்சம் அதிகம்! ஆனாலும் இங்கே வியர்ப்பதில்லை. சாய்ந்த ஒளியில் பெரும்பங்கு காற்றிலும் மேகத்திலும் போய்விடுகிறது, நிலமும் கடலும் குளிர்காலத்திலிருந்து இன்னும் முழுதாகச் சூடேறியிருக்காது. அடுப்பைக் கூட்டியதும் தோசைக்கல் காய்ந்துவிடுமா? அதனால்தான் மிக வெப்பமான மாதம் ஜூனல்ல, ஜூலை. மிகக் குளிர்ந்தது டிசம்பரல்ல, ஜனவரியும் பிப்ரவரியும்.

உங்கள் அக்னி நட்சத்திரத்தை இதே சட்டத்தில் அப்படியே பொருத்திவிடாதே. சென்னையில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது, ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி. இடைப்பட்ட நாட்களில் மதியச் சூரியன் உனக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆகஸ்டிலும் அதே உச்சிதான், ஆனால் மே மாதக் கொதிப்பு கிடையாது. மேகமும் மழையும் குறுக்கிடுகின்றன. நம் ஊர்ப் பருவத்தில் பாதியை எழுதுவது காற்று.

தை பிறந்தால் உத்தராயணம் என்று பாட்டி சொல்வதையும் வகுப்பில் கேட்பார்கள். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நம் பஞ்சாங்க வருஷம் நட்சத்திரங்களை வைத்து நடக்கிறது, பருவ வருஷத்தைவிட அது சுமார் 20 நிமிடம் நீளம். அச்சு காட்டும் திசை ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெதுவாக நகர்வதால் வந்த வித்தியாசம் அது. 71, 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்று சேர்ந்து இன்று 24 நாள் ஆகிவிட்டது. சுமார் 1,700 ஆண்டுக்கு முன் தை பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒரே நாளில்தான் இருந்தன.

இங்கே மேற்கே ரியூகான் என்று ஒரு சிற்றூர், ஆழமான பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கு மலையைத் தாண்டி வெயில் இறங்காது. 1928இல் ஊர் மக்கள் மேலே போய் வெயில் காயக் கேபிள் கார் போட்டுக் கொடுத்தார்கள். 2013இல் எதிர்மலையில், ஊருக்கு 450 மீட்டர் மேலே, 17 சதுர மீட்டர் கண்ணாடிகள் மூன்று வைத்தார்கள். கணினி அவற்றைச் சூரியனோடு கூடவே திருப்பி, வெயிலை ஊர்ச் சதுக்கத்தில் விழவைக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டு.

இப்போது உன் வேலை. டிசம்பர் 21க்கு ஒரு மீட்டர் குச்சியைப் பள்ளி மொட்டைமாடியில் நட்டு வை. தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தா என்று பார், ரசமட்டத்தை வைத்துத் தரையைப் பார். மொட்டைமாடியில் மழைநீர் ஓடச் சரிவு வைத்திருப்பார்கள், அதை விட்டுவிட்டால் அளவு தப்பிவிடும். மணி 12 ஆனதும் அளக்காதே. சென்னையில் அன்று உண்மையான நண்பகல் 12.07ஐ ஒட்டி. பிப்ரவரியில் அது 12.23 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும். அதனால் 11.50 முதல் 12.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நுனியைச் சாக்பீஸால் குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள். நுனி ஒன்றரை செ.மீ. கலங்கலாகத் தெரியும், அதன் நடுவைக் குறி. 74 செ.மீ.க்கு ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் வந்தால் நல்ல அளவுதான். ஐந்து, ஆறு தப்பினால் குச்சியைச் சந்தேகப்படு, சூரியனையல்ல.

அன்று மேகம் மூடிக்கொண்டால் கவலைப்படாதே. 18ஆம் தேதியிலிருந்து 25 வரை எந்த நாளிலும் அளக்கலாம், நிழலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறாது. பள்ளிக்கு அரைப் பரீட்சை லீவு விட்டுவிட்டால் வீட்டு மாடியிலேயே நட்டுவிடு, மாமாவைக் குச்சி பிடிக்கச் சொல். அளவை எனக்கு எழுது, ஜூனில் இங்கே எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி